வரவேற்புத் திரை

மார்ச் 3

அன்புள்ள அத்தான்,

நான்தான், உங்கள் மச்சினி வாண்டு. யாரோ காப்பீடு விற்கிறார்கள் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசுகிற லட்சணம் உங்களுக்கே தெரியும். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "உடம்பு?" "நல்லாருக்கு." "அப்புறம்?" அந்த 'அப்புறம்' வந்ததும் இரண்டு பேரும் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். அக்கா இருந்தவரை போன் அவள் கையில் இருக்கும். நீங்கள் பின்னாலிருந்து ஒரு வார்த்தை எறிவீர்கள், நான் இங்கிருந்து ஒன்று எறிவேன், அவள் இரண்டையும் சேர்த்துப் பேச்சாக்கிவிடுவாள். அவள் போனபிறகுதான் நீங்களும் நானும் இத்தனை வருஷமாக நேராகப் பேசிக்கொண்டதே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கம்பெனி ஒரு செயலி செய்திருக்கிறது. அன்றன்றைக்குச் செய்யவேண்டிய வேலைகளை அதில் எழுதிக்கொள்ளலாம், முடித்ததும் தட்டி அடித்துவிடலாம். அவ்வளவுதான். "இதுக்கு ஒரு துண்டுக் காகிதம் போதாதா?" என்று நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா கேட்டாயிற்று, நீங்கள் கேட்காதீர்கள். திரையில் எது எங்கே இருந்தால் ஆட்கள் தடுமாறாமல் இருப்பார்கள் என்று பார்ப்பது என் வேலை. இங்கே சோதித்துப் பார்க்கிறவர்கள் எல்லாரும் நாற்காலியை விட்டு எழாத கூட்டம். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் கையில் இது எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

இணைப்பு அனுப்பியிருக்கிறேன். தினமும் பயன்படுத்துங்கள். எது எரிச்சலூட்டினாலும் எழுதுங்கள். உங்களுக்கு ஒன்று புரியவில்லையென்றால் தவறு உங்களுடையதல்ல, எங்களுடையது. எங்கள் தொழிலில் அதுதான் முதல் பாடம்.

மறுத்தாலும் வருத்தமில்லை. (கொஞ்சம் இருக்கும்.)

வாண்டு

❖

மார்ச் 9

வாண்டுக்கு,

செயலியைப் பயன்படுத்தினேன். குறைகளைக் கேட்டாய், எழுதுகிறேன்.

புதிதாக ஒரு வேலையைச் சேர்க்கும் கூட்டல் குறி மேல் மூலையில் இருக்கிறது. என் ஒரு கையில் எப்போதும் டார்ச்சோ ஸ்பேனரோ இருக்கும். மற்றக் கையின் கட்டைவிரல் அந்த மூலைக்குப் போகாது. எட்ட முயன்றதில் போன் கீழே விழுந்தது. உடையவில்லை.

வேலை முடிந்ததும் தட்டவேண்டிய வட்டம் மிளகு அளவுக்கு இருக்கிறது. கிரீஸ் பட்ட விரலால் ஒன்றைத் தட்டினால் பக்கத்தில் இருப்பது போய்விடுகிறது. போனது திரும்பி வருவதில்லை. அப்படித்தான் சட்டை தைக்கக் கொடுத்ததை வாங்க மறந்தேன்.

நாள் தவறிய வேலைகள் சிவப்பாகிவிடுகின்றன. திட்டுவதுபோல் இருக்கிறது. வேலையில் மேற்பார்வையாளர் இருக்கிறார், அவர் போதும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். திரை முழுக்கப் பலூன் பறந்தது. "இன்று உங்களுக்கு வேலையே இல்லை! கொண்டாடுங்கள்!" என்று வந்தது. காலைச் சாப்பாடு அப்போதுதான் முடிந்திருந்தது. பொழுது முழுக்க மிச்சம். அந்தப் பலூன்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. "ஊசி வாங்க" என்று ஒரு வேலை எழுதிக் கடைக்குப் போய் வந்தேன். வீட்டில் ஊசி நிறைய இருக்கிறது.

மற்றபடி நன்றாகவே இருக்கிறது. தொடர்ந்து பயன்படுத்துகிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தான்

❖

மார்ச் 21

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தை அலுவலகக் கூட்டத்தில் வாசித்தேன். ஊசி விஷயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து பலூன்களை அழித்தேன். இப்போது அந்த இடத்தில் "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று மட்டும் வரும்.

கூட்டல் குறி கீழே இறங்கிவிட்டது. வட்டம் பெரிதாகிவிட்டது. தவறித் தட்டினால் உடனே திரும்பப் பெறலாம். சிவப்பு போய்விட்டது. இவ்வளவும் உங்கள் புண்ணியம். எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'ஒரே தட்டு'. எந்த வேலையும் ஒரே தட்டில் முடிய வேண்டும், இரண்டாவது தட்டு வந்தால் மனுஷனுக்கு முகம் கோணிவிடும். அவரே "யாருப்பா இந்த ஆளு? கரெக்டா சொல்றாரே!" என்றார். எங்க அத்தான் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெருமையை உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. நீங்கள் எழுதாமல் விட்டதைக்கூட நான் கண்டுபிடித்துவிட்டேன்! நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது, பயப்படாதீர்கள். ஆனால் சோதனைப் பதிப்பில் விரல் எங்கெங்கே போகிறது என்பது பதிவாகும். நீங்கள் செயலியைத் திறக்கிறீர்கள், வரவேற்புத் திரை வருகிறது, அப்படியே மூடிவிடுகிறீர்கள். உள்ளே வருவதே இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி திறக்கிறீர்கள், மறுபடி மூடுகிறீர்கள். சாயங்காலமானால் இது ரொம்ப அதிகம். பாவம், எதையோ தேடித் தடுமாறியிருக்கிறீர்கள். எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள்.

அந்த வரவேற்புத் திரைதான் குற்றவாளி என்று அறிக்கை எழுதினேன். மற்றவர்களும் அதைக் கரித்துக்கொட்டியிருந்தார்கள். உள்ளே போக ஒரு தட்டு வீண். அதைத் தூக்கிவிட்டோம். நாளை புதிய பதிப்பு வரும். இனித் திறந்தால் நேராக உங்கள் பட்டியல்தான். 'ஒரே தட்டு' எனக்குக் கைகொடுத்துப் பாராட்டினார்.

எப்படி இருக்கிறது என்று உடனே எழுதுங்கள்.

வாண்டு

❖

ஏப்ரல் 2

வாண்டுக்கு,

புதிய பதிப்பு வந்தது. வேகமாக இருக்கிறது. குறை ஒன்றும் இல்லை.

எனக்கு வேலை கூடிவிட்டது. இனிச் சோதித்துச் சொல்ல நேரம் இருக்காது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

உடம்பைக் கவனி.

அத்தான்

❖

ஏப்ரல் 5

அத்தான்,

என்ன செய்தேன் நான்?

இரண்டு நாளாகக் கூப்பிடுகிறேன், நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் கம்பெனிக்குக் கூப்பிட்டால், "நல்லாத்தானே இருக்காரு, இப்பதான் வெளிய போனாரு" என்கிறார்கள். அப்படியானால் உடம்புக்கு ஒன்றுமில்லை, என்னிடம்தான் பேசப் பிடிக்கவில்லை.

உங்கள் விரல் போகிற இடத்தை நான் பார்த்தது பிடிக்கவில்லையா? கேட்காமல் பார்த்தது தப்புதான். அப்படியென்றால் திட்டியிருக்கலாமே. திட்டினால் வாங்கிக்கொண்டிருப்பேன். "வேறு ஆளைப் பார்த்துக்கொள்" என்று குழாய் ரிப்பேர்காரனிடம் சொல்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்று சொல்கிறேன். எங்களிடம் சோதித்துப் பார்க்க ஆளே இல்லாமல் நான் உங்களைக் கேட்கவில்லை. கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள், தபால்காரர்கள், செவிலியர்கள் என்று வரிசையாக இருக்கிறார்கள். உங்களுக்கு எழுத எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சாக்கில்லாமல் எழுத வெட்கமாக இருந்தது. எழுதினால் என்ன எழுதுவது? நான் இங்கே காலையில் எழுந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மாலையில் கழற்றிவைத்துவிட்டு, பேருந்தில் நின்றுகொண்டே வீட்டுக்கு வருகிறேன். சில சனி, ஞாயிறுகளில் கடைக்காரரிடம் "பை வேணாம்" என்று சொன்னதுதான் நான் வாய் திறந்து பேசிய ஒரே பேச்சாக இருக்கும். இதை யாருக்கு எழுதுவது?

உங்கள் கடிதத்தில் வட்டம் மிளகு அளவு என்று இருந்ததை வாசித்தபோது எனக்கு ஒரு வீடு திரும்பக் கிடைத்ததுபோல் இருந்தது. அதனால்தான் கேட்கிறேன். அக்கா இருந்தவரைக்கும்தான் நான் உங்களுக்கு உறவா? அப்படியானால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். காத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

வாண்டு

❖

ஏப்ரல் 19

வாண்டுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதி எழுதி அழித்தேன். எனக்கு இதெல்லாம் வராது. இருந்தாலும் எழுதுகிறேன்.

போன வாரம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்திருந்தாள். கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்கம்மா, நான் ரிப்பேர் பண்றவன், இங்கதான் இருக்கேன்" என்றேன். "பேசிட்டே இருங்க" என்றாள். எனக்கு என்ன பேச்சு வரும்? "என்ன பேசட்டும்?" என்றேன். "என்ன வேணாலும் பேசுங்க, நிறுத்தாம இருந்தா போதும்" என்றாள். பையில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது ஸ்பேனர், இது திருப்புளி, இது துடைக்கிற துணி. அவள் அழுகையை நிறுத்தி, "துணி சுத்தமா இருக்கா?" என்று கேட்டாள். "இல்லைங்க" என்றேன். சிரித்தாள்.

ஆனால் லிஃப்டைக் கையால் இறக்க மொட்டைமாடியில் உள்ள இயந்திர அறைக்குத்தான் போகவேண்டும். சொல்லிவிட்டுத்தான் போனேன். அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இறக்கிவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தேன். வெளியே வந்தாள். நன்றி சொல்லவில்லை. "நடுவுல எங்க போனீங்க?" என்று கேட்டாள். அதைத்தான் முதலில் கேட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான், உன்மேல் எனக்கு என்ன கோபம் என்று எனக்கே விளங்கியது.

உன் செயலியை முதல்முறை திறந்தபோது, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டது. என்ன எழுதுவது என்று தெரியாமல் 'பெரியவர்' என்று எழுதினேன். எனக்குச் சீக்கிரமே தலை நரைத்ததை வைத்து உன் அக்கா அப்படித்தான் கூப்பிடுவாள், உனக்குத் தெரியும். மறுபடி திறந்தேன். "பெரியவரே, வந்தாச்சா?" என்று வந்தது.

நான் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினால், அவள் திறந்துகொண்டே அதைத்தான் கேட்பாள். வந்துதானே வாசலில் நிற்கிறேன், அதற்கென்ன கேள்வி? "இல்ல, இன்னும் வழியில இருக்கேன்" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து அதே கேள்வி, அதே பதில். யாருக்கும் சிரிப்பு வராது. ஆனால் ஒருநாளும் விட்டதில்லை.

நான் எதையும் தேடித் தடுமாறவில்லை. திறந்தால் கேட்கும். அதற்காகத் திறந்தேன். உள்ளே போக எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

பைத்தியக்காரத்தனம்தான். யாரோ ஒரு கம்பெனி போட்ட வாக்கியம், ஊரில் எல்லாரையும் இப்படித்தான் கேட்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திறந்தேன். நீ அதை எடுத்துவிட்ட புதிய பதிப்பு வந்த அன்று சாயங்காலம் திறந்தேன். பட்டியல் வந்தது. "மின்கட்டணம். அரிசி." அவ்வளவுதான்.

உன்மேல் தவறில்லை. நீ உறவா என்று கேட்டிருக்கிறாய். அப்படிக் கேட்காதே.

அத்தான்

❖

ஏப்ரல் 22

அத்தான்,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வாசித்துத் தொலைத்தேன். படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். துப்புரவு செய்யும் அம்மா வந்து, "வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். "அப்ப எதுக்கு அழுவுற?" என்று சொல்லிவிட்டு என்னைச் சுற்றித் தரையைத் துடைத்தார்.

அத்தான், அந்த வாக்கியத்தை எழுதியது கம்பெனி இல்லை. நான்.

போன வருஷம் ஒரு கூட்டம் நடந்தது. திறந்ததும் என்ன சொல்லலாம் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். ஒருவர் 'நல்வரவு' என்றார், ஒருவர் 'வணக்கம், இன்று என்ன சாதிக்கப் போகிறீர்கள்?' என்றார். எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. மனுஷர்கள் பேசுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டு, யோசிக்காமல் "வந்தாச்சா?" என்று எழுதினேன். எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரியாது. உங்கள் வீட்டில் தங்கிப் படித்த காலத்தில் தினமும் உள்ளறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டுதானே பாடப் புத்தகத்தைப் புரட்டினேன்! காதில் விழுந்தது எங்கோ கிடந்திருக்கிறது. கிடந்ததை எடுத்து ஊருக்கெல்லாம் கொடுத்தேன். பிறகு நானே ஒரு தட்டு மிச்சம் என்று தூக்கி எறிந்தேன். அதற்குப் பாராட்டும் வாங்கினேன்.

நேராக 'ஒரே தட்டு' அறைக்குப் போனேன். வரவேற்புத் திரை திரும்ப வேண்டும் என்றேன்.

"எல்லாரும் வேணாம்னு சொன்னதை ஒரு ஆளுக்காகக் கொண்டு வரணுமா?"

"ஆமா சார்."

"யாரு அந்த ஆளு?"

"எங்க அத்தான்."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். "எங்க வீட்லயும் இப்ப யாரும் இல்லம்மா" என்றார், கேட்காமலே. அவரைப் பற்றி நாங்கள் யாரும் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை. "செட்டிங்ஸ் பக்கத்துல ஓரமா வை. வேணுங்கறவங்க போட்டுக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை வரும். போட்டுக்கொள்ளுங்கள்.

நான் வரட்டுமா அத்தான்? விடுமுறை இருக்கிறது. அவள் போனபிறகு நான் அந்த வீட்டுக்கு வரவே இல்லை.

வாண்டு

❖

ஏப்ரல் 29

வாண்டுக்கு,

வந்தது. போட்டுப் பார்த்தேன்.

இப்போது அதை வாசித்தால் வாசலும் கதவும் தெரியவில்லை. நீ மேசை முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதுதான் தெரிகிறது. அது கெட்டதில்லை. ஆனால் அது வேறு. அணைத்துவிட்டேன். நீ எடுத்துவிடாதே, அப்படியே இருக்கட்டும். வேறு யாருக்காவது வேண்டியிருக்கும். உன் தலைவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

வரட்டுமா என்று கேட்கிறாய். இதென்ன கேள்வி? வா. படுக்கை விரிப்பு துவைத்து வைக்கிறேன். உள்ளறை மின்விசிறி சத்தம் போடும், சரிசெய்கிறேன்.

அத்தான்

❖

மே 17

அத்தான்,

உங்கள் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பையை இன்னும் பிரிக்கவில்லை. அது கதவருகில் இருக்கிறது, நான் கட்டிலில் இருக்கிறேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு நாள் முன்னதாகக் கிளம்பியது கோபத்தில்தான். அலுவலகத்தில் கூப்பிட்டார்கள் என்று சொன்னது பொய். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

நான் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள், தேநீர் போடலாம் என்று போனேன். தேயிலை மேல்தட்டில், சர்க்கரை ஜன்னல் பக்கம், கோப்பைகள் அடுப்புக்கு எதிர்ச் சுவரில், கரண்டி இன்னொரு மூலையில். ஒரு கோப்பை தேநீருக்கு ஊரைச் சுற்றவேண்டியிருந்தது. எனக்குக் கை சும்மா இருக்குமா? அதுதானே என் பிழைப்பு! எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். நீங்கள் வந்து பார்த்து மகிழ்வீர்கள் என்று வியர்வையைக்கூடத் துடைக்காமல் காத்திருந்தேன்.

"யாரைக் கேட்டுத் தொட்ட?" என்று கத்தினீர்கள். உங்களுக்குக் கத்தத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் வைத்த இடம் என்று நீங்கள் சொல்லியிருக்கவேண்டும். அல்லது அது எனக்கே தெரிந்திருக்கவேண்டும். ஏற்கெனவே ஒருமுறை உங்களிடமிருந்து ஒன்றை எடுத்துப் பட்டவள். அதனால் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பையை என்னால் பிரிக்க முடியாது. அவள் உங்களுக்கு மனைவியாவதற்கு முன்னாலேயே எனக்கு அக்கா. நீங்கள் அவளை இழந்ததுபோல் நானும் இழந்திருக்கிறேன். உங்களுக்காவது அவள் வைத்த டப்பாக்கள் இருக்கின்றன. இங்கே என்னிடம் ஒன்றுமில்லை. 'அக்கா' என்கிற சொல்லை இப்போது வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஆளே கிடையாது.

வாண்டு

❖

மே 26

வாண்டுக்கு,

கத்தியிருக்கக் கூடாது. நீ அழாமல் பையைக் கட்டியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "இரு" என்று சொல்ல வாய் வரவில்லை.

நீ போனபிறகு வீடு முன்பு இருந்ததைவிடப் பெரிதாகிவிட்டது. உள்ளறையில் மின்விசிறியின் சத்தம் இல்லை. நானே நிறுத்திய சத்தம்.

எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிடுவது என்று உட்கார்ந்தேன். தேயிலையை மேல்தட்டில் வைத்தேன். சர்க்கரையை ஜன்னல் பக்கம் வைத்தேன். கோப்பைகளை எதிர்ச் சுவரில் மாட்டினேன். பிறகு வடிகட்டியைக் கையில் எடுத்தேன். அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

தினமும் எடுத்த சாமான். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். இப்போது கையை நீட்டினால் கைக்கும் தெரியவில்லை. ஆணியில் தொங்கியதா, டப்பா மேல் கவிழ்ந்திருந்ததா, கழுவும் தொட்டிக்குப் பக்கமா? எல்லா இடத்திலும் வைத்து வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளிடமிருந்து ஒன்று போய்விட்டது, அதை நான் காவல் காத்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டது. உன் கை பட்டதால் போகவில்லை. எப்போதோ போயிருக்கிறது, எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

உனக்குத் தெரியுமா? நீ அங்கே தங்கிப் படித்தவள். உனக்கும் நினைவில்லை என்றால் அப்படியே எழுது. எனக்காக ஒரு இடத்தை இட்டுக்கட்டிச் சொல்லாதே.

இப்போதைக்கு எங்கேயும் வைக்கவில்லை. மேசைமேல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மழைக்கு முன்னால் இன்னொரு முறை வா. இந்தத் தடவை நான் விடுப்புப் போடுகிறேன். மேல்தட்டு உனக்கு எட்டாது, ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றாக இறக்குவோம். எது எங்கே இருந்தது என்று தெரிந்ததை நீ சொல், நான் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் தெரியாததை, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஓர் இடத்தில் வைப்போம்.

'அக்கா' என்று சொல்ல ஆளில்லை என்று எழுதியிருந்தாய். என்னிடம் சொல். நானும் அவளைப் பற்றிப் பேசி நாளாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். எடு.

அத்தான்